சட்டைப் பையில் ஒரு பீங்கான்

அத்தியாயம் ஆறு

ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் வாசலில் இரண்டு நிமிடம் சும்மா நிற்பது இரஞ்சிதத்தின் பழக்கம். பொய் சொல்கிறவர்கள் வீட்டுக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிடுவார்கள், வாசலைத்தான் மறந்துவிடுவார்கள் என்பது அவள் கட்சி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் எரிந்த வீடுகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள்.

கட்சி நல்ல கட்சிதான். ஆனால் பிப்ரவரி மாதத்துச் சிட்னி வெயிலில் அல்லவா நிற்க வேண்டியிருந்தது!

“அக்கா, நாம துப்பறிய வந்தோமா, வத்தல் காயப்போட வந்தோமா?” என்றான் பாலா.

பாலா மதுரைக்காரன். மாஸ்டர்ஸ் படிக்க வந்து, படித்து முடித்து, படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஏழு வேலைகளைப் பார்த்துவிட்டு, நாலு வருடமாக இரஞ்சிதத்திடம் இருக்கிறான். கார் ஓட்டுவான், படம் எடுப்பான், எவ்வளவு பூட்டிய வாயையும் பேச வைப்பான். தன் வாயை மூடுவது மட்டும் அவனுக்கு வராது.

“அந்த ரெண்டு காரையும் பாரும்,” என்றாள் இரஞ்சிதம். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவள், இப்போது நாற்பத்தெட்டு. பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

பாலா பார்த்தான். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இரண்டின் மேலும் காட்டுத்தீயின் சாம்பல் படிந்திருந்தது. கண்ணாடியை மட்டும் துடைத்துத் துடைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

“நல்ல காருங்க. ஒண்ணு தந்தா வேணாம்னு சொல்லமாட்டேன்.”

“ரெண்டு கார் நிக்கிற கராஜ் பக்கத்திலயே இருக்கு. எட்டு நாளா சாம்பல் கொட்டுது. ஏன் காரை வெளியில விட்டிருக்கினம்?”

“உள்ள தட்டுமுட்டு சாமான் இருக்கும்.”

“பொலிஸ் பக்கக் கதவால உள்ள போய்ப் பார்த்தவை. கராஜ் வெறுமை எண்டுதான் எழுதியிருக்கினம்.”

பாலா வாயைத் திறந்தான். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டான். அபூர்வமான காட்சி அது.

நடந்தது இதுதான். கெல்லிவில்லைத் தாண்டி வடக்கே கால்மணி நேரம் வந்தால், வீடுகள் குறைந்து யூகலிப்டஸ் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது கென்ட்ஹர்ஸ்ட். ஒவ்வொரு வீடும் ஐந்தாறு ஏக்கருக்கு நடுவில் தனித்தனியாக நிற்கும். போன வாரம் செவ்வாய்க்கிழமை அங்கே நாற்பத்து நாலு டிகிரி வெயில், அதோடு பேய்க்காற்று. அப்படிப்பட்ட நாளில் ஒரு மின்கம்பி அறுந்து விழுந்தால் போதும், காடு பற்றிக்கொள்ளும். அதனால் மின்சாரக் கம்பெனி தானாகவே முன்கூட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். ஊரில் கரண்ட் கட்டுக்குப் பயந்து விமானம் ஏறியவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். இங்கே அதே கரண்ட் கட், ஆனால் முதல் நாளே செல்போனில் செய்தி அனுப்பி, சிரமத்துக்கு வருத்தமும் தெரிவித்துவிட்டு வருகிறது.

செவ்வாய்க்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு மின்சாரம் நின்றது. அந்த வீட்டில் வாசுதேவன் இருந்தார். எழுபத்தொரு வயது. தமிழ்நாடு மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் உழைத்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷினை நம்பி வாழ்ந்தவர். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பின்வாசல் படியில் பிணமாகக் கிடந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டவள் லெட்சுமி, மலேசியாவில் ஈப்போக்காரி. வேலை விசாவில் இருப்பவள். நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போனாள், அறையில் முழு சிலிண்டர் இருந்தும் அதை மாட்டாமல் போனாள் என்பது அவள் மேல் உள்ள புகார். நாளைக் காலை பத்து மணிக்கு அவள் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். வழக்குப் பதிவு செய்யப் போகிறார்கள். பதிவானால் விசா போகும், இனி எந்த நோயாளியையும் தொட விடமாட்டார்கள், சிறைக்கும் போக நேரலாம்.

லெட்சுமி நேற்று லிட்கம்மில் இரஞ்சிதத்தின் அலுவலக அறையில் உட்கார்ந்து சொன்னது நாலு வாக்கியம்தான். “கரண்டு போனதும் பிரதீப் சார் ஜெனரேட்டர் போட்டு விட்டாரு மேடம். ரோட்ட மூடப்போறாங்க, நீங்க கெளம்புங்க, பிள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு பதினஞ்சு நிமிஷத்துல நான் வந்துருவேன்னாரு. மெஷின் நல்லா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. சத்தியமா நான் அங்கிள விட்டுட்டு ஓடல.”

ஆனால் அந்த வீட்டில் ஜெனரேட்டர் இல்லை. பிரதீப்குமார், அதாவது வாசுதேவனின் மகன், எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்கிறான். ஆபத்தான நோயாளி என்று கம்பெனி முதல் நாளே போன் செய்தபோது ‘மாற்று ஏற்பாடு இருக்கிறது’ என்று சொன்னவன் அவன்தான். ஏற்பாடு என்றது சிலிண்டரையும் லெட்சுமியையும்தான் என்று இப்போது விளக்கம். ஜெனரேட்டர் பொய் என்றால் லெட்சுமியின் கதை முழுக்கப் பொய். இரஞ்சிதத்துக்கு வேண்டியது ஒரே ஒரு ஜெனரேட்டர்.

“கதவைத் தட்டும்,” என்றாள்.

*

திறந்தவள் ஹரிப்பிரியா. பிரதீப்பின் மனைவி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியிலிருந்து டியூட்டியில் இருந்தவள். அழுது முடித்த முகம். யாருக்காக வந்திருக்கிறோம் என்று இரஞ்சிதம் மறைக்காமல் சொன்னதும் அந்த முகம் இறுகியது.

“அவங்களுக்காகவா? உள்ள வாங்க. உங்களுக்காக இல்ல, எனக்கு ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷம் என் கையால சாப்பிட்டாங்க. லெட்சுமியக்கா லெட்சுமியக்கான்னு என் பொண்ணு அவங்க மடியிலதான் கெடப்பா. எப்படிங்க அப்படி விட்டுட்டுப் போக மனசு வந்துச்சு?”

அந்தக் கேள்வியில் நடிப்பு இல்லை என்பதை இரஞ்சிதம் மனதில் குறித்துக்கொண்டாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது.

“கராஜ் கதவு பழுதோ?” என்று கேட்டாள்.

ஹரிப்பிரியா இதை எதிர்பார்க்கவில்லை. “ஆமாங்க. அன்னைக்கு சாயந்திரம் கரண்ட் வந்ததுலேர்ந்து திறக்க மாட்டேங்குது. மோட்டார் போயிருச்சுன்னு பிரதீப் சொன்னார். ஆளைக் கூப்பிடலாம்னா இப்ப வேண்டாங்கறார்.”

“வீட்டில வேற ஏதும் பழுதோ? லைட், ஃபேன்?”

“இல்லீங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்கு.”

“மாமா வெளியில விழுந்து கிடக்கேக்க அவரிட்ட என்ன இருந்தது?”

“போலீஸ்ல கவர்ல போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கண்ணாடி, வாட்ச், கைக்குட்டை. பிரதீப்பால அதைப் பார்க்கவே முடியல, நான்தான் பிரிச்சேன். அதுல ஒண்ணு மட்டும் என்னன்னே தெரியலீங்க. சட்டைப் பையில இருந்துச்சாம். கடைசியா அவர் தொட்ட பொருளாச்சேன்னு சாமிகிட்ட வெச்சுட்டேன்.”

சமையலறை மூலையில் பூஜை அலமாரி. வாசுதேவனின் படத்துக்குக் கீழே, வெற்றிலை அளவுக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டு. இரண்டு பக்கமும் பித்தளைக் காது. நடுவில் ஹரிப்பிரியா ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

போலீஸ் பட்டியலில் அதற்கு ‘பீங்கான் அலங்காரப் பொருள், 1’ என்று பெயர். நேற்று அதைப் படித்தபோது, “பெரியவர் சாகப்போற நேரத்துல அலங்காரமா தேடுவார்?” என்று பாலா சிரித்திருந்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, இது ஃபியூஸ் கட்டை.”

“வடிவாத் தெரியுமோ?”

“எங்க தெருவுல வளர்ந்த எவனைக் கேட்டாலும் தெரியும். லைன்மேன் கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி கீழ பெட்டியில இதைப் பிடுங்கி சட்டைப் பையில போட்டுக்குவார். பொட்டியிலயே விட்டுட்டுப் போனார்னு வைங்க, மேட்ச் பாக்குற ஆசையில எவனாவது வந்து மாட்டி விட்டுருவான். மேல அவர் வடையா வெந்துருவார்.” சொல்லி முடித்ததும் பாலா படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “மன்னிச்சுக்கங்க.”

“மின்சாரப் பெட்டி எங்க இருக்கு?” என்றாள் இரஞ்சிதம்.

*

பின்வாசல் படியிலிருந்து பதினைந்து தப்படி தள்ளி, பக்கச் சுவரில் இருந்தது பெட்டி. அங்கிருந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் மின்கம்பம் தெரிந்தது. அந்த ஒரு வீட்டுக்காக மட்டும் தெருவிலிருந்து பிரிந்து வரும் கம்பி. கராஜ் தனிக் கட்டடம். இன்னும் முப்பது தப்படி ஏற்றத்தில் நடக்க வேண்டும்.

ஐம்பது வருடத்து வீடு. பெட்டியும் அந்தக் காலத்தது. உள்ளே ஐந்து பீங்கான் கட்டைகள் வரிசையாக இருந்தன. ஆறாவது இடம் காலி.

பாலா முதலில் மெயின் சுவிட்சை அணைக்கப் பார்த்தான். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். சுவரில் காலை ஊன்றி இழுத்தான். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

“அக்கா, இதைத் திருப்ப என்னை மாதிரி இன்னொரு ஆள் வேணும்.”

“உம்மாலயே ஏலாட்டி, மூச்சுவிட ஏலாத மனுசனால எப்பிடி ஏலும்?” என்றாள் இரஞ்சிதம். அவள் குரல் தணிந்துவிட்டது. “ஃபியூசைப் போடும்.”

“அணைக்காமலேயா? நான் போயிட்டா என் பைக்கை…”

“உம்மடை பைக் எனக்கு வேண்டாம். கைக்குட்டையைச் சுத்திப் போடும்.”

பொட்டு வைத்த பீங்கான் காலி இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. இரஞ்சிதம் ஹரிப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். “கராஜ் ரிமோட்டை அமத்துங்கோ.”

ஹரிப்பிரியா சாவிக்கொத்தில் இருந்த பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது. எட்டு நாளாகச் செத்துக் கிடந்த கதவு தடதடவென்று மேலே ஏறியது. உள்ளே குப்பைத் தொட்டியும் ஒரு சின்னப் பெண்ணின் சைக்கிளும் தவிர ஒன்றும் இல்லை.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் ஹரிப்பிரியா. அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

“யோசிச்சுப் பாருங்கோ அம்மா. பன்னெண்டு மணிக்குக் கரண்ட் போட்டுது. தெரு முழுக்க இல்லை. அதுக்குப் பிறகு உங்கட மாமா கட்டிலை விட்டு எழும்பி, மூக்கில இருந்த குழாயைக் கழட்டிப்போட்டு, மூச்சு இல்லாமல் இந்த வெயிலுக்குள்ள இதுவரைக்கும் நடந்து வந்தவர். வந்து கராஜின்ர ஃபியூசைப் பிடுங்கினவர். செத்த கம்பியில ஃபியூசைப் பிடுங்க அவருக்கு என்ன விசரே? முப்பத்து மூண்டு வருசம் இதே வேலை செய்த மனுசன்.”

“அப்படின்னா…”

“கராஜுக்குள்ள இருந்து கரண்ட் வந்துகொண்டு இருந்தது. அதை நிப்பாட்டத்தான் வந்தவர்.”

பின்னாலிருந்து ஒரு கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள். நண்பர் ஒருவரின் காரிலிருந்து பிரதீப்குமார் இறங்கி நின்றான். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கராஜைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

நாற்பது வயது. பெரிய கம்பெனியில் மென்பொருள் மேலாளர். நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும் வகை; அதில் பொய்யும் இல்லை. அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று விசாவுக்கு ஐந்து வருடம் அலைந்தவன் அவன்.

இரஞ்சிதம் நேராகவே கேட்டாள். “ஜெனரேட்டரை எங்க கொண்டுபோய் வச்சிருக்கிறீங்கள்?”

“என்ன ஜெனரேட்டர்? அந்தம்மா சொன்ன கதையை நீங்களும்…”

“ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயரின்ர ஒரு முனையை ஜெனரேட்டரிலயும் மற்றதைக் கராஜ் சுவர்ப் பிளக்கிலயும் குத்தி, அதுக்குள்ளால வீட்டுக்குக் கரண்ட் அனுப்பினீங்கள். ஊரில கரண்ட் கட் நேரம் எல்லாரும் செய்யிறதுதான். இஞ்ச அது சட்டத்துக்கு மாறு. ஏன் மாறு எண்டு தெரியுமோ?”

பிரதீப்பின் பார்வை மறுபடியும் கராஜுக்குப் போனது.

“வீட்டுக்குப் போற கரண்ட், மெயின் சுவிட்ச் அணைக்காட்டி, வெளியில கம்பத்துக்கும் போகும். கம்பெனிக்காரன் கம்பி செத்துப்போட்டுது எண்டு நினைச்சு ஏறுவான். அதில உங்கட வீட்டுக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். உங்கட மெயின் சுவிட்ச் துருப்பிடிச்சுக் கிடக்கு.”

“நிறுத்துங்க.”

“பிரதீப்?” என்றாள் ஹரிப்பிரியா. அவ்வளவுதான் கேட்டாள். அவன் அவளைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

படியில் உட்கார்ந்தான். அப்பா கிடந்த அதே படி என்பது உறைத்ததும் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

“அப்பாவுக்காகத்தான் வாங்கினேன்,” என்றான். “சிலிண்டர் ரெண்டு மணி நேரம்தான் வரும். கரண்ட் ஆறு மணி வரைக்கும் வராதுன்னாங்க. ஊர்ல எங்க பக்கத்து வீட்ல எலக்ட்ரீஷியன் மாட்டின மாதிரியே நானும் மாட்டினேன். நல்லா ஓடுச்சு. லெட்சுமியக்காவைப் போகச் சொன்னேன். ஸ்கூல் மூடறாங்க, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு போன். பதினஞ்சு நிமிஷம்தானேன்னு போனேன். திரும்பி வர்றப்ப ரோட்டை மூடிட்டாங்க. ஃபயர் டிரக் குறுக்க நிக்குது. கெஞ்சறேன், விடல. ரெண்டே முக்கால் மணி நேரம்.”

“பிறகு?”

“வந்து கார்லேர்ந்து இறங்கறேன், ஜெனரேட்டர் சத்தம் கேக்குது. அப்பாடா, ஓடுதுன்னு…” அவன் கராஜ் பக்கம் கையைக் காட்டினான். “சந்தோஷமா இருந்துச்சுங்க. தூங்கிட்டிருந்த பிள்ளையை முன்னறையில படுக்க வெச்சுட்டு, ஓடுது, அப்பா நல்லா இருக்கார்னு சிரிச்சுக்கிட்டே பின்பக்கம் வந்தேன்.”

பாலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பா ஏன் வெளிய வந்தார், மெஷின் ஏன் நின்னுச்சு, ஒண்ணும் புரியல. நான் மாட்டினதுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். அப்பாவை நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு, அவங்க வர்றதுக்குள்ள ஜெனரேட்டரை எடுத்துக் காட்டுக்குள்ள போட்டேன். அப்புறம் போலீஸ் கேட்டப்ப… லெட்சுமியக்கா பேர் வாயில வந்துருச்சு. ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல.”

“எட்டு நாளா?” என்றாள் ஹரிப்பிரியா.

“நீங்கள் மாட்டினதில கோளாறு இல்லை,” என்றாள் இரஞ்சிதம். “அது ஒழுங்கா ஓடினதுதான் கோளாறு.”

கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மின்சாரக் கம்பெனி விசாரணைக்குக் கொடுத்த அறிக்கை. அன்று வேலிக்கு அப்பால் கம்பத்தில் ஏறிய லைன்மேன் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு பத்தி. போலீஸ் அதைப் படித்துவிட்டு, 12.50 வரை கிழவர் உயிரோடுதான் இருந்தார் என்பதற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டது. உதவிக்குக் கையாட்டியிருக்கிறார் பாவம் என்று பாலாவும் சொல்லியிருந்தான். இரஞ்சிதமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது அதைத் தமிழில் சொல்லிப் படித்தாள்.

“‘கம்பியில் விழுந்த கிளையை அகற்ற ஏணியை வைத்தேன். 12.50. வீட்டின் பக்கச் சுவர் அருகே வயதான ஒருவர் வலது கையை நன்றாக மேலே தூக்கி, அசையாமல் பிடித்திருந்தார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து நானும் கையசைத்தேன். அவர் கையை இறக்கிச் சட்டைப் பையில் ஏதோ வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். 12.55. கம்பியைச் சோதித்தேன். மின்சாரம் இல்லை. வேலையைத் தொடங்கினேன்.’”

பிரதீப் தன்னையறியாமல் வலது கையை மேலே தூக்கினான்.

“வணக்கம் இல்லீங்க,” என்றான். “அது வணக்கம் இல்ல. பொள்ளாச்சியில அப்பாவுக்கு நான் சாப்பாடு கொண்டு போவேன். கம்பத்துக்கு மேல ஆள் இருப்பார், அப்பா கீழ நிப்பார். ஃபியூஸைப் பிடுங்கி மேல இருக்கறவருக்குத் தெரியற மாதிரி தூக்கிக் காட்டுவார். அவர் கையை ஆட்டினாத்தான் பையில போடுவார். வாயால சொன்னா காத்துல கேக்காது, கண்ணால பாக்கணும்பார். ஒரு தடவை சினிமா தியேட்டர்ல ஜெனரேட்டர் போட்டு ரெண்டு பேர் கம்பத்துலயே… அப்பாவோட ஆளுங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் கூட அதை விட்டதில்ல.”

முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனுக்குத் திடீரென்று கோபம் வந்தது. எதன் மேல் என்று அவனுக்கே தெரியாத கோபம்.

“ஆனா இங்க அப்படி இல்லீங்க! இங்க எவனும் டெஸ்ட் பண்ணாம கம்பியைத் தொடமாட்டான். அதுலயே எழுதியிருக்கே, அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணியிருக்கான். கரண்ட் இருந்தா கருவி கத்தியிருக்கும், அவன் பாட்டுக்கு இறங்கியிருப்பான், வந்து கதவைத் தட்டியிருப்பான். அப்பா எழுந்தே வந்திருக்க வேண்டாம். சும்மா படுத்திருந்தாலே போதும்! யாரும் செத்திருக்க மாட்டாங்க!”

அது உண்மையாக இருக்கலாம். இரஞ்சிதத்துக்கு அது தெரியும். அவள் அதை மறுக்கவில்லை.

“ஓம்,” என்றாள். “ஆனா அது உங்கட அப்பாவுக்குத் தெரியாது. ஜன்னலால பார்த்தவர், ஒரு மனுசன் ஏணி வைக்கிறான். காதில ஜெனரேட்டர் சத்தம். கராஜ் வரைக்கும் போக மூச்சுக் காணாது. மெயின் சுவிட்ச் அசையேல்லை. பிடுங்கக் கூடியது அது ஒண்டுதான். அதைப் பிடுங்கினால் தன்ர மெஷின் நிக்கும் எண்டும் தெரியும். அறைக்குத் திரும்பிச் சிலிண்டரைப் பிடிக்கலாம் எண்டு நினைச்சிருப்பார். பதினைஞ்சு தப்படி. அதுக்கு அவருக்கு மூச்சுக் காணாமல் போட்டுது.”

காற்றில் சாம்பல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வடக்கே எங்கோ இன்னும் எரிகிறது. வேலிக்கு அப்பாலிருந்து கையசைத்த அந்த லைன்மேனுக்கு இதை யார் போய்ச் சொல்வது என்று பாலா நினைத்தான்.

“நாளைக்குக் காலமை பத்து மணிக்கு லெட்சுமி அங்க போகவேணும்,” என்றாள் இரஞ்சிதம். “அதுக்கு முன்னால நீங்கள் போனால் அவ வீட்டை போகலாம். பிந்திப் போனால், நீங்கள் சொன்னதை எல்லாம் நான் போய்ச் சொல்லுவன். ஆனா நீங்கள் சொல்லுறதுதான் முறை.”

“அப்பா என்னாலதான் போனார்னு எழுதிக் குடுக்கணுமா?” என்றான் பிரதீப். “நான் எப்படிங்க எழுதுவேன்? நாளைக்கு… நாளைக்குக் காலையில யோசிச்சு…”

ஹரிப்பிரியா அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். இப்போது பெட்டியின் பக்கம் நடந்தாள். பாலாவின் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள்.

“ஃபியூஸைப் பிடுங்கினா வேற எது நிக்கும்?” என்று பாலாவிடம் கேட்டாள்.

“கராஜ் மட்டும்தாங்க.”

அவள் பிடுங்கினாள். குங்குமம் அழிந்து பீங்கானில் சிவப்பாகத் தேய்ந்திருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஹரி, அதை இங்க குடு,” என்று பிரதீப் கையை நீட்டினான். “அது அப்பாவோடது.”

“வேலை முடியற வரைக்கும் யார் பிடுங்கினாங்களோ அவங்க பையிலதான் இருக்கணும். மாமாகிட்ட கேட்டா அப்படித்தான் சொல்லுவார்.” அவள் கார்ச் சாவியை எடுத்தாள். “நான் பிளாக்டவுன்ல லெட்சுமியக்கா வீட்டுக்குப் போறேன். அவங்க கால்ல விழணும். அப்புறம் அவங்களைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். நாளைக்கு இல்ல, இப்ப. நீங்க வந்தா நீங்க பேசுங்க. வரலேன்னா நான் பேசறேன்.”

வெள்ளைக் காரில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் படிந்திருந்த சாம்பலை வைப்பர் இரண்டு தடவை தள்ளியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கிளப்பவில்லை. பிரதீப் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான்.